காட்டுத்தீயும் வருமுன் காப்பும்

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டத் தொடங்கலாமா? கூடாது என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் காடுகளைப் பொறுத்தவரை நாம் பல வேளைகளில் இத்தவற்றையே செய்கிறோம். இதனை விளக்க, இமயமலைச் சாரலில் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்.

நைனிதாலில் நடந்தது

உத்தராகண்ட் மாநிலத்தில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ஓர் ஏரியைச் சுற்றி அமைந்த அழகிய நகரம் நைனிதால். அம்மாநிலத்து மலைச்சரிவுகளில் பைன் மரங்கள் மிகுதி. கோடை தொடங்கியதும் அவற்றின் ஊசி போன்ற இலைகள் காய்ந்து உதிர்ந்து, தரையில் மெத்தைபோல் படிந்துவிடும். அவற்றில் பிசின் இருப்பதால், அணைக்காமல் எறிந்த ஒரு பீடித் துண்டே காட்டை எரிக்கப் போதும்.

2024 ஏப்ரல் இறுதியில் நைனிதாலை ஒட்டிய காடுகளில் தீ பரவியது. இராணுவத்தின் உதவி நாடப்பட்டது. விமானப்படையின் ஹெலிகாப்டர், பீம்தால் ஏரியில் பெரிய வாளியால் நீரை மொண்டு சென்று தீயின்மீது ஊற்றியது. அதே ஆண்டு ஜூன் 13 அன்று, அல்மோரா மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் பணியிலிருந்த வனப்பணியாளர் நால்வர் தீயில் சிக்கி உயிரிழந்தனர்.

கேட்டதும் கிடைத்ததும்

2024 மே மாதத்தில் இது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. தீத்தடுப்புக்காக மாநிலம் கேட்ட தொகை 10 கோடி ரூபாய், கிடைத்ததோ 3.15 கோடி. அதாவது, நூறு ரூபாய் கேட்டவருக்கு முப்பத்தொன்றரை ரூபாய்! போதாக்குறைக்கு, வனத்துறையில் பல பணியிடங்கள் காலியாக இருந்தன. இருந்த ஊழியரிலும் சிலர் தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்டிருந்தனர். நீதிபதிகள் இதைக் கண்டித்தனர்.

தீயைத் தடுப்பது எப்படி?

தீ எரிய எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் என்னும் மூன்றும் வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். காட்டில் காற்றையும் வெயிலையும் நம்மால் நிறுத்த முடியாது. எரிபொருளைத்தான் அகற்ற முடியும். ஆகவே கோடைக்கு முன்பே புல்லையும் சருகையும் நீக்கி, நீண்ட வெற்றுப் பாதைகளை அமைக்கின்றனர். இவையே தீத்தடுப்புக் கோடுகள். தரையில் பரவிவரும் தீ, அவ்விடத்தில் உண்ண ஒன்றுமின்றித் தணிந்துவிடும். இன்று செயற்கைக்கோள்களும் தீ எழும் இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. எனினும் செய்தி வந்தபின் ஓடிச்சென்று அணைக்க ஆட்கள் வேண்டுமல்லவா?

நம் மாநிலத்தின் பாடம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நம்மால் மறக்க முடியாது. சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் மலையேறச் சென்றவர்கள், திரும்பும் வழியில் காய்ந்த புல்வெளியில் தீயிடம் சிக்கினர். சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பாயும். கீழே எழும் சுடர் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சூடாக்கிவிடும். 23 பேர் மாண்டனர். அவர்களில் பலர் இளம்பெண்கள். அதன் பின்னரே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

கண்ணுக்குத் தெரியாத பயன்

தீத்தடுப்புக்குச் செலவிடும் பணம் ஏன் முதலில் குறைக்கப்படுகிறது? அது நன்றாகப் பயன்பட்டால் ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காததால் அது வீண்செலவு போலத் தோன்றுகிறது. மணல் நிரப்பிய சிவப்பு வாளியை இந்த ஆண்டு யாரும் தொடவில்லை என்பதற்காக அதைக் கழற்றி எறிவோமா?

நமது கடமை

வெள்ளானூரில் மலையும் இல்லை, பைன் மரமும் இல்லை. ஆனால் பங்குனி, சித்திரை மாதங்களில் காலி மனைகளில் புல் காய்ந்து கிடக்கிறது. அங்கே குப்பைக்கு வைக்கும் தீ, காற்றடித்தால் பக்கத்துக் கூரைக்குத் தாவ எவ்வளவு நேரமாகும்? சென்ற கோடையில் எங்கள் தெருவில் அப்படி ஒரு தீயை, பெண்கள் குடிநீர்க் குடங்களைக் கொண்டுவந்து அணைத்தார்கள். அன்று மாலை பல வீடுகளில் குடிக்கத் தண்ணீர் இல்லை. புல்லை முன்பே செதுக்க ஓர் ஆளின் அரைநாள் கூலியே ஆகியிருக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், இவ்வுலகை நம் பொதுவான இல்லம் என்று அழைத்தார். அந்த இல்லத்தைக் காக்கும் பொறுப்பு அரசுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. தோழியரே, கிணற்றை இன்றே வெட்டுவோம்.