கழுத்தில் இருப்பது குழாயல்ல

மல்லேஸ்வரம், பெங்களூரு

தம்பி,

கழுத்துத் தமனி நோய் பற்றி நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை பென்சிலை எடுத்தேன்.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமனிச் சுவரில் எழும் 'பிளாக்'கைக் கட்டுரை முழுக்க 'பிளேக்' என்று எழுதியிருக்கிறாய். 1898-இல் பிளேக்குக்கு அஞ்சி ஜனங்கள் ஓடிய ஊர் இது. பிளேகம்மாவுக்குக் கோயில் எடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பிழையைச் செய்யலாமா? 'கொழுப்புத் திட்டு' என்று எழுதேன், யாரும் திட்ட மாட்டார்கள்.

பெரியது, தமனியை நீ குழாய் என்றது. ஒன்பது இடத்தில் குழாய், நான்கு இடத்தில் அடைப்பு, போதாததற்கு 'வயதானால் துருப்பிடிக்கும்'. குடிநீர் வாரியத்துக்குப் புகார் மனுவா எழுதினாய்?

துரு நெடுகப் பிடிக்கும். கழுத்துத் தமனியில் திட்டு அப்படி வருவதில்லை. தாடைக்குக் கீழே கவட்டையாகப் பிரியும் இடத்தில், அதிலும் வெளிப்பக்கச் சுவரில்தான் பெரும்பாலும் எழுகிறது. அங்கே ரத்தம் நேராக ஓடாமல் சுழன்று தயங்கும். உள்வரிச் செல்கள் அந்தத் தயக்கத்தை உணர்ந்து, ஒட்டும் மூலக்கூறுகளை நீட்டி வெள்ளணுக்களைப் பிடித்து உள்ளே விடும். அழற்சி தொடங்குவது அப்படி. ஆளுக்கு வயது எழுபது என்றால் சுவர் முழுக்கத்தானே எழுபது? பிறகு ஏன் அந்த இடம் மட்டும்?

இந்தக் கேள்விக்காக நான் ஒரு மதியம் முழுக்க நின்றிருக்கிறேன். மாணவனாக இருந்தபோது, அறுவை அறையிலிருந்து ஃபார்மலின் புட்டியில் ஒரு திட்டு வந்தது. கத்தி வைத்ததும் சுண்ணாம்பு கறகறத்தது. உள்ளே மஞ்சள் கூழ். 'நோயாளிக்கு அறுபத்தெட்டு வயது சார்' என்றேன். 'வயதை யார் கேட்டார்கள்? ரத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது, சொல்' என்றார் பேராசிரியர். நான் திசையைக் குறிக்காமலே அறுத்திருந்தேன்.

2017-இல் வெளிவந்த காண்டோஸ் ஆய்வை நீயே சொல்கிறாய். மாரடைப்பு கண்ட 10,061 பேர். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் ஊசி. கெட்ட கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. உயிர்பறிக்கும் தொற்றுகளோ கூடின. குழாயில் அடைத்த கொழுப்புதான் நோய் என்றால் இந்தக் கணக்கு எப்படி வரும்? அடுத்த பத்தியிலேயே மறுபடி குழாய்!

ஆனால் மூப்படைந்த செல்லைப் பற்றிய பத்தி இருக்கிறதே, தம்பி, அதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். பிரியவும் செய்யாமல் சாகவும் செய்யாமல், அழற்சிப் பொருள்களைக் கக்கித் திட்டின் மூடியை மெலியவைக்கும் அந்தச் செல்லை, 'ஓய்வுபெற்ற பிறகும் தினம் ஆபீசுக்கு வந்து சண்டை மூட்டும் பெரியவர்' என்றாய். என்னைத்தானோ என்று ஒரு கணம் பார்த்தேன். அந்தச் செல்களை அகற்றிப் பலன் கண்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வு சுண்டெலியின் பெருந்தமனியில் நடந்தது, மனிதக் கழுத்தில் அல்ல என்பதையும் நீ மறைக்கவில்லை. நேர்மையான எழுத்து.

மனிதர்கள் மூப்படைவதைப் பார்க்க வேண்டுமானால் தொலைவு போக வேண்டாம். கோலார் மாவட்டத்து சீனிவாசபுரத்தில் 45 வயதைத் தாண்டியவர்களை ஐஐஎஸ்சி வளாகத்து மூளை ஆய்வு மையம் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு, கட்டுரையைத் திருத்தி அனுப்பு. முதல் 'குழாய்' கண்ணில் பட்டதுமே மூடிவைத்துவிடுவேன்.