விமான டிக்கெட் படிப்போம்

நல்லேப்பிள்ளியில் ஒரு வீடு. மூத்த மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. இதுதான் அவனுக்கு முதல் விமானப் பயணம். 15-ஆம் தேதி இரவு புறப்பட வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தான்.

அம்மா எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். டிக்கெட்டைக் கையில் எடுத்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் எண்களைப் படிக்க முடிந்தது.

கொச்சியில் புறப்படுவது: 15-ஆம் தேதி, 01.30.
துபாய் சேர்வது: 15-ஆம் தேதி, 04.00.

"ரெண்டரை மணி நேரந்தானா? நெடும்பாசேரிக்குக் கார்ல போகவே மூணு மணி நேரம் ஆகுமே!" என்றார் அம்மா.

பள்ளியில் படிக்கும் மகள் சிரித்தாள். "இல்லம்மா, நாலு மணி நேரம் ஆகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றாள்.

கொச்சியிலிருந்து துபாய் சுமார் 2,800 கிலோமீட்டர். விமானம் ஒரு மணி நேரத்தில் சுமார் 800 கிலோமீட்டர் பறக்கும். 2,800-ஐ 800-ஆல் வகுத்தால் மூன்றரை. மேலே ஏறவும், கீழே இறங்கவும், தரையில் ஓடவும் அரை மணி நேரம் சேருங்கள். மொத்தம் 4 மணி நேரம்.

மீதி ஒன்றரை மணி நேரம் எங்கே போயிற்று?

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அதனால் கிழக்கே உள்ள ஊரில் முதலில் விடியும். துபாய் நமக்கு மேற்கே இருக்கிறது. நம் கடிகாரத்தைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் குறைவு. விமானம் துபாயில் இறங்கும்போது நமக்கு மணி 5.30. அங்கே 4.00. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே போடுவார்கள்.

அம்மா மறுபடியும் தேதியைப் பார்த்தார். திடுக்கிட்டார்.

"ராத்திரி 12 மணிக்கே தேதி மாறிடுமே! 15-ஆம் தேதி 01.30-ன்னா, 14-ஆம் தேதி படுத்து எந்திரிக்கறதுக்கு முன்னாடியே விமானம் போயிடும்! கண்ணு, அண்ணனைக் கூப்பிடு!"

அம்மா சொன்னது சரி. வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதாவது 14-ஆம் தேதி இரவு 10.30-க்கு. அப்படியானால் வீட்டிலிருந்து 14-ஆம் தேதி மாலை 7 மணிக்காவது கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு போயிருந்தால் டிக்கெட் பணம் வீணாகியிருக்கும். வேலையும் கைவிட்டுப் போயிருக்கலாம்.

காரை ஒரு நாள் முன்னதாக வரச் சொன்னார்கள்.

நினைவில் வையுங்கள்
1. டிக்கெட்டில் 24 மணிக் கணக்கு இருக்கும். 13.00 என்றால் பகல் 1 மணி. 22.00 என்றால் இரவு 10 மணி.
2. 00.00 முதல் 04.00 வரை உள்ள விமானத்துக்கு முந்தின நாளே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

கணக்கிடுங்கள்
மகன் விடுமுறையில் வருகிறான். துபாயில் 10-ஆம் தேதி 22.00 மணிக்கு விமானம். கொச்சியில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இறங்குவான்?

விடை: 11-ஆம் தேதி அதிகாலை 3.30. அழைத்துவர 10-ஆம் தேதி இரவே கிளம்புங்கள்.