பொரித்த எண்ணெய் எங்கே போக வேண்டும்?

பௌர்ணமி இரவில் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலில் கூட்டம் திரளும். வழியெங்கும் பஜ்ஜி, வடைக் கடைகள். அவர்களுக்கு எண்ணெய் டின் கொடுப்பது நம் மளிகை வணிகர்கள்தான். வாணலியில் மீந்த எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

கறுத்த எண்ணெயை மலிவாக வாங்கி, வடிகட்டி, சில்லறை எண்ணெயில் கலந்துவிட்டால் அது நம் வாடிக்கையாளர் வயிற்றுக்கே திரும்பி வரும். கெடுவது அவர்கள் உடல்நலமும் நம் கடைப் பெயரும்.

நல்ல வழி பயோடீசல். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே கடலை எண்ணெயில் டீசல் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். நிலக்கடலைக்குப் பேர்போன திண்டிவனத்தாருக்கு இது இனிய செய்தி. ஆனால் எண்ணெயை அப்படியே டாங்கில் ஊற்றக் கூடாது. அதன் கெட்டித்தன்மை எஞ்சினைக் கெடுக்கும். ஆலையில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துப் பக்குவப்படுத்துவார்கள். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ மெத்தனால் சேர்த்தால், ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். மெத்தனால் விஷம்; தீப்பற்றக் கூடியது. கடையில் செய்து பார்க்கும் வேலை அல்ல இது.

ஜப்பானின் கியோட்டோ நகராட்சி, மீந்த சமையல் எண்ணெயைச் சேகரித்து 1997 முதல் குப்பை வண்டிகளை ஓட்டியது. 2000 முதல் நகரப் பேருந்துகளுக்கும் 20 சதவீதம் கலந்தது. ஒரே பணிமனையில் எரிபொருள் நிரப்பி, அங்கேயே பழுது பார்க்கும் வண்டிகளுக்கு இது ஏற்றது. பள்ளிப் பேருந்துகளும் அத்தகையவையே.

நம் நாட்டில், எண்ணெய் காயக் காயச் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மீந்த எண்ணெயைப் பயோடீசலாக்க ‘ரூகோ’ திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தொடங்கியது. 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பது தேசியக் கொள்கையின் இலக்கு.

எண்ணெய் வாங்கும் பலகாரக் கடைக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியவை:

1. மீந்த எண்ணெயைத் தனி டின்னில் ஆறவைத்து ஊற்றுங்கள், தண்ணீர் சேரவிடாதீர்கள்.

2. பதிவுபெற்ற சேகரிப்பாளருக்கே கொடுத்து ரசீது வாங்குங்கள்.

3. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்துவோர் கணக்கு எழுதி வைப்பது கட்டாயம்.

தனிக் கடையில் சேருவது சில லிட்டர்தான். சங்கம் நாள் குறித்து ஓரிடத்தில் சேர்த்தால், சேகரிப்பாளர் வண்டி அனுப்பக் கட்டுப்படியாகும். புது டின் விற்கும்போதே பழைய எண்ணெய்க்கும் வழி சொல்வது நம் கடமை.