சிற்றுருவில் ஒரு நீராவிப் பொறி

பெரியதொரு பொருளைச் சிறிய உருவில் செய்து கண்டு மகிழ்தல் மக்களுக்குரிய பழைய இயல்புகளுள் ஒன்று. குழந்தைகள் உருட்டி விளையாடும் வண்டியும் இவ்வியல்பினின்று பிறந்ததே. ஆயினும் விளையாட்டுப் பொருள் வேறு; மாதிரியுரு வேறு. நான்கு சக்கரமும் ஒரு புகைபோக்கியும் இருந்தால் குழந்தை அதனைப் புகைவண்டி என்று ஏற்றுக்கொள்ளும். மாதிரியுருவோ, எந்த வண்டி, எந்த ஆண்டில் ஓடியது, அதன் சக்கரம் எவ்வளவு பெரியது, விளக்குகள் எத்தனை என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை கூற வேண்டும். முன்னதற்குச் சாயல் போதும். பின்னதற்கு உண்மை வேண்டும். பெரிய பொருளின் உண்மை சிறிய உருவில் எங்கே தங்கும், எங்கே தங்காது, தங்காதவிடத்து அதனைச் செய்வோன் கடமை யாது என்பவற்றை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம். பிரஷ்ய நாட்டில் தோன்றிய ‘பி-8’ என்னும் நீராவிப் பொறியும், ஒரு சாண் நீளமேயுள்ள அதன் மாதிரியுருவுமே அவ்வெடுத்துக்காட்டு.

பிரஷ்யா என்பது இன்றைய ஜெர்மனியின் வடபகுதியையும் போலந்தின் ஒரு பகுதியையும் தன்னகத்தே கொண்டிருந்த பழைய அரசாகும். அவ்வரசின் இருப்புப்பாதைத் துறையில் பொறிகளின் அமைப்பை வகுக்கும் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் கார்பே என்பவர். அவர் காலத்தில் நீராவிப் பொறிகளுக்கு ஒரு குறை இருந்தது. கொதிகலத்திலிருந்து வெளிவரும் நீராவி, உருளையின் குளிர்ந்த சுவரில் பட்டதும் அதன் ஒரு பகுதி மீண்டும் நீராகிவிடும். அவ்வாறு நீரான அளவுக்கு ஆற்றல் வீணாயிற்று. வில்ஹெல்ம் ஷ்மிட் என்னும் பொறிஞர் இக்குறைக்கு மருந்து கண்டார். கொதிகலத்தில் தோன்றிய நீராவியை மெல்லிய குழாய்களின் வழியே மீண்டும் நெருப்பிடையே செலுத்தி, ஏறக்குறைய 350 பாகை வரை சூடேற்றினார். இதற்கு மீவெப்ப நீராவி என்பது பெயர். இஃது உருளையில் நீராக மாறுவதில்லை. நிலக்கரியும் நீரும் மிச்சமாகும். கார்பே இம்முறையை உறுதியாகப் பற்றிக்கொண்டார். பல உருளைகளையும் சிக்கலான உறுப்புகளையும் விலக்கி, இரண்டே உருளைகளும் மீவெப்ப நீராவியும் உடைய எளிய பொறியை அமைக்க விரும்பினார். அவ்விருப்பத்தின் விளைவே பி-8.

முதற் பி-8 பொறி 1906-ஆம் ஆண்டில் பெர்லின் நகரின் ஷ்வார்ட்ஸ்கோப்ஃப் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. ‘பி’ என்னும் எழுத்து, பயணிகள் வண்டியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்தாகும். முன்னே நான்கு சிறு சக்கரங்களும், அவற்றின் பின்னே ஆறு பெரிய இயக்குச் சக்கரங்களும் இப்பொறிக்கு உண்டு. பெரிய சக்கரத்தின் குறுக்களவு 1,750 மில்லிமீட்டர். அஃதாவது ஓர் ஆளின் உயரம். நிலக்கரியும் நீரும் தாங்கும் பின்வண்டியோடு சேர்ந்து இதன் நீளம் ஏறக்குறைய 18.6 மீட்டர். பின்வண்டி நீங்கலாக எடை ஏறக்குறைய 78 டன்.

தொடக்கத்தில் பி-8 குறையற்றதாக இல்லை. மிகு விரைவில் ஓடுங்கால் அது நிலைகொள்ளாமல் அதிர்ந்தது. ஆகவே அதன் விரைவு மணிக்கு 100 கிலோமீட்டர் என வரையறுக்கப்பட்டது. காற்றைக் கிழிப்பதற்கென ஆப்புப்போல் கூராக அமைத்த ஓட்டுநர் அறையும் பின்னர்க் கைவிடப்பட்டது. இவ்வாறு திருந்தியபின் இப்பொறி எப்பணிக்கும் ஏற்றதாயிற்று. பயணிகள் வண்டியையும் இழுத்தது. சரக்கு வண்டியையும் இழுத்தது. 1923-ஆம் ஆண்டு வரை ஜெர்மன் இருப்புப்பாதைகளுக்கென 3,400-க்கு மேற்பட்ட பொறிகள் கட்டப்பட்டன. முதல் உலகப்போர் முடிந்ததும், போரிழப்பை ஈடுசெய்யும் பொருட்டுப் பல நூறு பொறிகள் பெல்ஜியம், பிரான்சு, போலந்து முதலிய நாடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. ருமேனிய நாடோ இவ்வகைப் பொறியைத் தானே கட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிந்து நின்ற இரு ஜெர்மனிகளிலும் இவை தொடர்ந்து ஓடின. 1970-களின் இடைப்பகுதியோடு ஓய்வு பெற்றன. பெரும்பாலானவை உடைத்து உருக்கப்பட்டன. ஒரு சிலவே காட்சியகங்களில் எஞ்சின.

இனி மாதிரியுருவிற்கு வருவோம். ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859-இல் தொடங்கப்பட்ட மெர்க்லின் நிறுவனம், 1891-இல் லைப்சிக் நகரச் சந்தையில் விளையாட்டுப் புகைவண்டியைக் காட்சிக்கு வைத்தது. அதன் தண்டவாளங்கள் வரையறுத்த அகலங்களைக் கொண்டிருந்தன. அதனால், ஒருமுறை வாங்கிய பாதையோடு பின்னர் வாங்கும் வண்டியும் பொருந்தியது. நாளடைவில் உருவங்கள் சிறுத்தன. 1930-களில், ‘சுழி’ எனப்பட்ட அளவில் பாதியான புதிய அளவு பரவத் தொடங்கிற்று. ‘பாதிச் சுழி’ என்று பொருள்படும் பெயருடைய அவ்வளவில், உண்மைப் பொருளின் 87 பங்கில் ஒரு பங்கே மாதிரியின் நீளம். இன்று உலகில் பெரிதும் வழங்கும் மாதிரி அளவு இதுவே. இவ்வளவில் 18.6 மீட்டர்ப் பொறி 21 செண்டிமீட்டராகிறது. ஆளுயரச் சக்கரம் 20 மில்லிமீட்டராகிறது. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதை 16.5 மில்லிமீட்டராகிறது. கொதிகலத் தகட்டில் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆணித்தலை ஒன்று இருப்பின், அது மாதிரியில் கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த புள்ளியாகும். அப்புள்ளியையும் விடாது அச்சில் செதுக்குவர் தேர்ந்த கைவினைஞர்.

நீளம் 87-இல் ஒரு பங்காயின் எடையும் அவ்வாறே குறையும் எனக் கருதுவோர் உளர். அது பிழை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87-இல் ஒரு பங்காகக் குறைதலின், கன அளவு 87-ஐ மும்முறை வைத்துப் பெருக்கிய தொகையால், அஃதாவது 6,58,503-ஆல் வகுபடும். ஆகவே 78 டன் எடை ஏறக்குறைய 118 கிராமாகச் சுருங்குகிறது. பின்வண்டியில் அடங்கும் 21,500 லிட்டர் நீர், 33 மில்லிலிட்டராகிச் சிறு கிண்ணத்தில் அடங்கிவிடுகிறது. இவ்வளவு மெலிந்த எடையோடு மாதிரிப்பொறி வண்டித் தொடரை இழுக்கப் புகுந்தால், சக்கரம் நழுவி நின்ற இடத்திலேயே சுழலும். ஆதலால் உடலை உலோக வார்ப்பாகச் செய்தோ, உள்ளே எடைக்கட்டி வைத்தோ, கணக்கின்படி வேண்டுவதற்கு மேலாகவே எடை சேர்க்கின்றனர்.

வளைவின் நிலையும் இத்தகையதே. உண்மைப் பாதையில் 300 மீட்டர் ஆரமுள்ள வளைவே கூர்மையானது. அதனை 87-ஆல் வகுத்தால் மூன்றரை மீட்டர் ஆகும். அவ்வளவு பெரிய வட்டம் எளிய வீட்டின் அறையில் அடங்காது. எனவே மேசைமேல் அமைக்கும் பாதையில் 36 செண்டிமீட்டர் ஆரமுள்ள வளைவும் உண்டு. உண்மைப் பொறி இத்தகைய வளைவில் செல்வதாயின், 31 மீட்டர் ஆரத்தில் திரும்ப வேண்டும். அஃது இயலாத செயல். ஆகவே மாதிரியின் முற்சக்கரங்கள் மிகுதியாக அசையுமாறு இடம் விடப்படுகிறது. சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாமல் காக்கும் விளிம்பு, கணக்கின்படி மூன்றிலொரு பங்கு மில்லிமீட்டரே இருத்தல் வேண்டும். ஆனால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராகச் செய்யப்படுகிறது. இதனை ஏற்காத சிலர், விளிம்பையும் உண்மை அளவிலேயே செய்து, அதற்கேற்ற அகன்ற வளைவுகளையும் அமைத்துக்கொள்வர். இரு திறத்தாரும் தாம் எதனைக் காத்தனர், எதனை விட்டுக்கொடுத்தனர் என்பதை அறிந்தே செய்கின்றனர். அறிந்து விட்டுக்கொடுப்பது வேறு. அறியாமல் பிழைசெய்வது வேறு.

மாதிரியுருவில் மறைந்து நிற்கும் மற்றொரு வேறுபாடு வியப்புக்குரியது. உண்மைப் பொறியில் நீராவி உந்துதண்டைத் தள்ளும். உந்துதண்டு இணைப்புத் தண்டை அசைக்கும். இணைப்புத் தண்டு சக்கரத்தைச் சுழற்றும். மாதிரியிலோ சிறு மின்பொறி பற்சக்கரங்களின் வழியே சக்கரத்தைச் சுழற்ற, சக்கரமே தண்டுகளை அசைக்கிறது. ஆற்றல் செல்லும் திசை தலைகீழாகிவிட்டது. சிலவற்றில் மின்பொறி பின்வண்டியில் இருப்பதால், முன்னிற்கும் பொறி தள்ளப்பட்டே ஓடுகிறது. ஆயினும் தண்டுகளின் அசைவு, உண்மைப் பொறியில் கண்ட அதே ஒழுங்கில் அமைதல் வேண்டும். விரைவையும் அளந்தே செலுத்த வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது மாதிரியில் நொடிக்கு 32 செண்டிமீட்டரே. அதனை மீறி ஓடவிட்டால், எத்துணை நுட்பமாகச் செய்த உருவும் விளையாட்டுப் பொருளாகிவிடும்.

இவையெல்லாவற்றினும் அரிய வினா ஒன்று உண்டு: மாதிரி காட்டுவது எந்நாளைய பொறி? 1910-ஆம் ஆண்டளவில் பிரஷ்ய அரசில் ஓடிய பி-8 பச்சை நிற உடலும் செம்பழுப்பு நிறச் சக்கரங்களும் உடையது. அதன் பக்கத்தில், அது சார்ந்த கோட்டத்தின் பெயரும் எண்ணும் பொறித்த பலகை இருந்தது. முன்னே இரண்டு விளக்குகளே இருந்தன. 1925-இல் ஜெர்மன் இருப்புப்பாதைகளுக்கெல்லாம் பொதுவான எண்முறை வகுக்கப்பட்டபோது, இவ்வகை 38 என்னும் வரிசை எண்ணைப் பெற்றது. நிறமும் மாறிற்று, மேலே கருமையும் கீழே செம்மையும் ஆயின. பின்னர், ஓட்டுநரின் கண்ணைப் புகை மறைக்காதிருக்கப் புகைபோக்கியின் இருபுறமும் பெரிய தகடுகள் பொருத்தப்பட்டன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அத்தகடுகளும் சிறுத்தன. மூன்றாம் விளக்கும் சேர்ந்தது. ஆகவே பச்சை நிறப் பொறிக்கு மூன்று விளக்கு வைப்பவன், எந்நாளும் இவ்வுலகில் ஓடாத ஒரு பொறியைச் செய்தவன் ஆவான். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே உண்மையாக இருந்தும் முழுமை பொய்யாகிவிடுகிறது.

இப்பிழை சிறியதன்று. காட்சியகத்தில் எஞ்சிய பொறிகளுள் பல, ஓடிய காலத்தில் பழுதுபார்க்கப்பட்டும் உறுப்புகள் மாற்றப்பட்டும் தம் பிற்கால உருவையே காட்டுகின்றன. தொடக்கநாளைய உருவை அறிய வேண்டுவோர், தொழிற்சாலை வரைபடங்களையும் பழைய ஒளிப்படங்களையும் ஒப்புநோக்கியே காண முடியும். அவ்வாறு கண்ட உண்மையைப் பலர் கண்முன் நிறுத்துவது மாதிரியுரு. ஏட்டைத் தேடிச் செல்வார் சிலர். உருவைக் காண்பார் பலர். கண்டோர் அதனையே மெய்யென நம்புவர். மூலம் மறைந்தபின் படியெடுத்தவனே சான்று கூறுவோன் ஆகின்றான். அவன் கை தவறினால், திருத்திக் கூற மூலம் எழுந்து வாராது.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது பழமொழி. கடுகின் காரம் இயற்கையில் அமைந்தது; மாதிரியுருவின் உண்மையோ செய்வோன் உழைப்பால் அமைவது. அளத்தல், ஒப்புநோக்கல், ஐயம் தீருமளவும் ஆராய்தல், இயலாதவிடத்து அறிந்து விட்டுக்கொடுத்தல் ஆகிய இவையே அவ்வுழைப்பின் கூறுகள். பழைய ஏட்டைப் படியெடுப்போர்க்கும், நாட்டின் வரலாற்றை எழுதுவோர்க்கும், கண்டதைப் பிறர்க்குச் சொல்லும் எவர்க்கும் இவை வேண்டும். ஒரு சாண் நீளமுள்ள அச்சிறு பொறி மேசைமேல் மெல்ல ஓடும்போது, மறைந்துபோன மூவாயிரத்துக்கு மேற்பட்ட பொறிகளின் உருவைத் தாங்கியே ஓடுகிறது.