நம்பிக்கைகளும் உண்மைகளும்: இறுதிக்காலப் பராமரிப்பு

குணமாக்க இயலாத நோயின் கடைசிக் கட்டத்தை அடைந்தவருக்கு, நோயோடு மேலும் போராடுவதை விடுத்து, அவரை வாட்டும் வலி, மூச்சுத்திணறல், குமட்டல், உறக்கமின்மை, அச்சம் ஆகியவற்றைத் தணிப்பதையே குறிக்கோளாகக் கொண்டு அளிக்கப்படும் மருத்துவம் இறுதிக்காலப் பராமரிப்பு அல்லது ஹாஸ்பிஸ் எனப்படுகிறது. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியபோது இதன் இன்றைய வடிவம் உருவானது. இந்தியாவில் 1986-இல் மும்பையின் சாந்தி அவேத்னா சதன் இப்பணியைத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இதைச் சுற்றியுள்ள தவறான எண்ணங்கள் குறையவில்லை என்பதும், அவற்றின் விலையை நோயாளியே தம் வலியால் செலுத்துகிறார் என்பதும் வருந்தத்தக்கவை.

மருத்துவர் கைவிரித்துவிட்டதால்தான் ஒருவர் இங்கு அனுப்பப்படுகிறார் என்பது முதல் நம்பிக்கை. உண்மையில் நோயை ஒழிக்கும் மருந்துகள் நிறுத்தப்பட்ட பிறகும் மருத்துவம் நிற்பதில்லை. சாண்டர்ஸ் ‘முழுமையான வலி’ என்று குறிப்பிட்டது உடல்நோவை மட்டுமன்று. மனத்துயர், குடும்பத்தைப் பற்றிய கவலை, ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற ஆன்மிகத் தவிப்பு ஆகியவை ஒன்றோடொன்று பின்னி உடல்நோவையும் பெருக்குகின்றன என்பதே அவர் கண்டது. அதனால்தான் மருத்துவர், செவிலியர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் எனப் பலர் கூடிச் செய்யும் பணியாக இது அமைந்திருக்கிறது.

இப்பராமரிப்பு ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சத்திற்கும் ஆதாரமில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன், துன்பத்தைத் தணிக்கும் இதே நோக்குடைய நோய்த்தணிப்பு மருத்துவத்தையும் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்ததோடு, அவர்களுடைய இடைநிலை உயிர்வாழ்காலம் மற்றவர்களின் 8.9 மாதங்களுக்கு எதிராக 11.6 மாதங்களாகவும் இருந்தது. எல்லா நோய்களுக்கும் இதைப் பொதுவிதியாக்குவது பிழை. எனினும் வலியைத் தணிப்பது சாவை விரைவுபடுத்தும் என்ற வாதத்தை இம்முடிவு வலுவிழக்கச் செய்கிறது.

மிகுந்த தீங்கு விளைவிப்பது மார்பினைப் பற்றிய அச்சமே. அபினியிலிருந்து பெறப்படும் இந்த வலிநீக்கி நோயாளியை அடிமையாக்கும், மூச்சை நிறுத்திவிடும் என்று குடும்பத்தார் மட்டுமின்றி மருத்துவர் சிலரும் கருதுகின்றனர். வாய்வழியாக, குறைந்த அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்பப் படிப்படியாக உயர்த்தி, பொதுவாக நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை கொடுக்கப்படும்போது மூச்சை ஆபத்தான அளவுக்கு ஒடுக்குவது அரிது. தொடக்கத்தில் தோன்றும் மயக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் தணிகின்றன. மலச்சிக்கல் மட்டும் நீடிப்பதால் அதற்கான மருந்து உடன் தரப்படுகிறது. மருந்துக்கு உடல் பழகிப்போவது வேறு, போதைக்காக ஏங்கும் அடிமைத்தனம் வேறு. சட்டத்தின் அனுமதியோடு அபினி விளைவிக்கும் நாடான இந்தியாவில், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமக் கெடுபிடிகளால் மருத்துவமனைகள் பலவும் மார்பினை வைத்திருப்பதையே தவிர்த்தன. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தத் தடைகளைத் தளர்த்தியது. மனங்களில் உள்ள தடை இன்னும் தளரவில்லை.

உணவைப் பற்றிய நம்பிக்கை இதைவிட உருக்கமானது. நோயாளி கஞ்சியை விலக்கும்போது ‘பட்டினியால் சாகவிடுகிறோமே’ என்று வீடே பதறுகிறது. வாழ்வின் கடைசி நாட்களில் உடலுக்கு உணவைப் பயன்படுத்தும் ஆற்றல் குறைந்து பசியும் அடங்கிவிடுகிறது. உண்ணாமை அப்போது சாவின் காரணமன்று, நெருங்கிவரும் சாவின் அறிகுறி. வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் புகக்கூடும். அளவுக்கு மீறிய டிரிப்ஸ் கை கால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டக்கூடும். உதடுகளை நனைப்பதும், விரும்பிக் கேட்டால் ஒரு மிடறு கொடுப்பதும் அன்பில் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

இது புற்றுநோயாளிகளுக்கு மட்டும் உரியது, ஏதோ ஒரு கட்டடத்தில் மட்டும் கிடைப்பது என்பனவும் தவறு. செயலிழந்த இதயம், சிறுநீரகம், நுரையீரல் ஆகியவற்றால் துன்புறுவோருக்கும் இது பொருந்தும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய இயக்கம் தன்னார்வலர்களின் துணையோடு கேரளத்தின் வீடுகளுக்குள் இதைக் கொண்டு சென்றது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே வழங்கும் நோய்த்தணிப்புச் சேவை இடம்பெற்றுள்ளது. ஆயினும் உலக அளவில் இது தேவைப்படுவோருள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கே கிடைப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது.

கடைசி இரண்டு மூன்று நாட்களில் தேடி வருவோருக்கு இதன் பயனில் சிறு பகுதியே கிட்டுகிறது. ஆகவே ‘வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்று மருத்துவர் சொல்லும் வரை காத்திராமல், நோய் குணமாகாது என்று தெரிந்த நாளிலேயே, வலித்தணிப்புப் பிரிவு எங்கே உள்ளது, மார்பின் எங்கே கிடைக்கும், நள்ளிரவில் வலி கூடினால் யாரை அழைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் குடும்பத்தார் மருத்துவரிடமே விடை கேட்டுப் பெற வேண்டும்.