கெட்டுப்போன கணக்கு ஃபைலும் கார்பன் பில் புத்தகமும்



டேபிள், ரெக்கார்டு, பிரைமரி கீ எல்லாம் நாம் மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் அந்த ஃபைல் ஒருநாள் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது? போன ஐப்பசி மழையில் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

என் சித்தப்பா நம்ம ஊர்ப்பக்கம் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். அஞ்செட்டி, தளி பக்கத்து விவசாயிகள் தக்காளி, பீன்ஸ், கோஸ் கொண்டுவந்து போடுவார்கள். எடை, விலை, கமிஷன், பாக்கி எல்லாமே மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் செய்த ஒரே ஒரு எம்டிபி ஃபைலில்தான். யாரோ பல வருஷம் முன்னால் செய்து கொடுத்தது. எடை போடுகிற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர், உள்ளே ஆபீஸில் ஒன்று. இரண்டும் வைஃபை வழியாக அதே ஃபைலைத் திறக்கும்.

அன்னைக்கு சாயங்காலம் இடி விழுந்து கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துப்போயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் திறந்தால், "இந்த டேட்டாபேஸை ரிப்பேர் செய்யவேண்டும், அல்லது இது டேட்டாபேஸ் ஃபைலே அல்ல" என்று ஒரு செய்தி. அடுத்த நாள் சனிக்கிழமை, விவசாயிகளுக்குப் பட்டுவாடா.

ஏன் இப்படி ஆகிறது? ஆக்சஸ் 2000 முதல் இந்த ஃபைல் 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பில்லைச் சேர்த்தால் பில் உள்ள பக்கம் மாறும், இண்டெக்ஸ் பக்கம் மாறும், எந்தப் பக்கம் காலி என்று குறிக்கும் பக்கமும் மாறும். நம் நூலகத்தில் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, பதிவேட்டில் எழுதுவதற்குள் பெல் அடித்தால் எப்படி? ஒன்று சொல்வதும் இன்னொன்று சொல்வதும் ஒத்துப்போகாது. அதேதான்.

வைஃபை ஏன் ஆபத்து என்றால், ஆக்சஸில் நடுவில் சர்வர் என்று யாரும் கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே கைநீட்டி ஃபைலில் எழுதுகிறது. பாதி எழுதும்போது சிக்னல் போனால் பாதிதான் எழுதியிருக்கும். மைஎஸ்க்யூஎல் மாதிரி சர்வர் இருந்தால் ஃபைலைத் தொடுவது அது ஒன்றுதான். நாம் கேட்போம், அது எழுதும்.

சித்தப்பா பதற்றத்தில் ரிப்பேர் பட்டனை அழுத்தப் போனார். நான் எங்கள் கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கு போன் போட்டேன். "எதையும் தொடாதே. முதல்ல அந்த ஃபைலைக் காப்பி எடு. காப்பியில மட்டும் வேலை பண்ணு" என்றார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' தனக்குப் புரியாததைத் தூக்கி எறிந்துவிடும். ஒரிஜினலில் செய்தால் எறிந்தது எறிந்ததுதான்.

பக்கத்தில் எல்டிபி என்று முடியும் ஒரு குட்டி ஃபைல் கிடந்தது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று குறிக்கும் பூட்டு அது. எல்லோரும் வெளியே வந்த பிறகும் கிடந்தால் அழித்துவிடலாம், கணக்கு எதுவும் அதில் இல்லை. ஆனால் நம் பாடத்தில் வரும் எஸ்க்யூலைட்டில் 'ஜர்னல்' என்று முடியும் ஃபைல் கிடந்தால் தொடவே கூடாது! மாற்றுவதற்கு முன்னால் இருந்த பக்கங்களை அது அதில்தான் எழுதி வைக்கிறது. கரண்ட் வந்து மறுபடி திறக்கும்போது அதைப் பார்த்துத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். காப்பி எடுத்தாலும் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபைலுக்கு எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

காப்பியை ரிப்பேர் செய்ததும் திறந்தது. ஆனால் பில் டேபிளில் கீழே போகப் போக எர்ரர். மிஸ் சொன்னபடி புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ் செய்து, டேபிள்களை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்தோம். விவசாயிகள் பெயர், விலைப்பட்டியல் எல்லாம் வந்துவிட்டன. பில் டேபிள் மட்டும் வரவில்லை. அதனால் பில் எண் 4,000 வரை ஒரு குவெரி, வந்தது. 8,000 வரை, வந்தது. அடுத்த 500, வந்தது. அதற்கடுத்ததில் நின்றது. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனதில் 8,612 முதல் 8,640 வரை 29 பில்தான் கெட்டது என்று தெரிந்தது. 8,641 முதல் கடைசி பில் 8,655 வரை நன்றாக இருந்தன. ஏன் சரியாக அந்த 29? ஒரு பில்லுக்கு ஏறக்குறைய 130 பைட். கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு பக்கம்! கரண்ட் போன நேரத்தில் ஆபீஸில் அந்தப் பில்களுக்குத்தான் விலை போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

பென்டிரைவில் பேக்கப் இருந்தது, ஆனால் பன்னிரண்டு நாள் பழையது. இந்தப் பில்கள் அதில் இல்லை. கார்பன் பில் புத்தகத்தை எடுத்து ராத்திரி உட்கார்ந்து நான் வாசிக்க, சித்தப்பா அடித்தார். இரண்டு பில் மட்டும் மழைத்தண்ணியில் ஊறி எழுத்தே தெரியவில்லை.

சனிக்கிழமை அதில் ஒருவர், வயதான தாத்தா, வந்து "எல்லா ஹோய்த்தா சாமி?" என்று கன்னடத்தில் கேட்டார். எல்லாம் போச்சா என்று அர்த்தம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்லவேளை, அவர் சட்டைப்பையில் அவருடைய சீட்டு மடித்து இருந்தது: 14 பெட்டி. இன்னொருவரிடம் சீட்டு இல்லை. 11 பெட்டி என்றார். சித்தப்பா அன்றைய லாரி லோடு சீட்டை எடுத்து மற்றவர்கள் போட்டதையெல்லாம் கழித்துப் பார்த்தார். மீதி 11 வந்தது. இருவருக்கும் அன்றே பணம் கொடுத்தாகிவிட்டது.

இப்போது மண்டியில் வைஃபைக்குப் பதில் கேபிள் இழுத்திருக்கிறார்கள். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி. டேபிள்கள் ஒரு ஃபைலில், ஃபாரம்களும் ரிப்போர்ட்டுகளும் வேறு ஃபைலில் என்று பிரித்தாகிவிட்டது. ராத்திரி கடை மூடும்போது எல்லோரும் வெளியே வந்த பிறகு, தேதி போட்ட ஒரு காப்பி. இரண்டு பென்டிரைவ் மாறி மாறி, ஒன்று சித்தப்பா வீட்டுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பார்ப்பது என் வேலை. திறக்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்று மிஸ் சொல்லியிருக்கிறார்கள்.

கார்பன் பில் புத்தகத்தை நிறுத்திவிடலாம் என்று முதலாளி நினைத்திருந்தாராம். இப்போது இரண்டு டஜன் வாங்கி பீரோவில் அடுக்கி வைத்திருக்கிறார்.

– பன்னிரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்