பெஞ்ச் மேல் நிற்கும் சிறுமி

கேள்வி: எனக்கு 44 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மேலாளர் “இதை இன்னொரு தடவை பாருங்க” என்றாலே உள்ளங்கை வேர்த்துவிடும். நாலாம் வகுப்பில், ஏழாம் வாய்ப்பாடு பாதியில் மறந்துபோனதற்காக டீச்சர் என்னை பெஞ்ச் மேல் ஏற்றிவிட்டார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நின்றேன். பாவாடை ஓரம் பிரிந்து தொங்கியதைக் காட்டிப் பிள்ளைகள் சிரித்தார்கள். வாயைத் திறக்கத் தெரியாத மக்காக இருந்திருக்கிறேனே என்று இப்போதும் எரிச்சல் வருகிறது. போன வாரம் கணக்கில் தப்பு செய்த மகளிடம் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். ‘உனக்குள்ள இருக்கிற சின்னப் பொண்ணுகிட்ட பேசு’ என்கிறாள் தோழி. இந்த வயதில் இது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டீச்சர் மேல் கோபமாக ஒரு சொல்கூட இல்லை. ‘மக்கு’ பட்டம் அந்தச் சிறுமிக்குத்தான் கிடைத்திருக்கிறது. 35 வருடமாக டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டுதான் நீங்களும் அவளைப் பார்க்கிறீர்கள்.

அவளுக்கு அன்று ஒன்பது வயது. வாயைத் திறந்திருந்தால் அடியும் சேர்ந்து விழுந்திருக்கலாம். பேசாமல் நின்றதுதான் அவளுக்குத் தெரிந்த தற்காப்பு. பள்ளியில் உடலையோ மனதையோ நோகடிக்கும் தண்டனைகளை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது. தப்பு பெரியவர்கள் பேரில் என்று சட்டமே சொல்லிவிட்டது. நீங்கள் மட்டும் இன்னும் அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்பானேன்?

தோழி சொன்னதற்குச் சிகிச்சையில் இடம் உண்டு. நெதர்லாந்து உளவியலாளர் ஆர்னூட் ஆர்ன்ட்ஸ், சக ஆய்வாளர் ஒருவருடன் 1999-இல் எழுதிய கட்டுரையில் இதை மூன்று படிகளாக விளக்கினார். முதலில் அந்தக் காட்சியைக் குழந்தையின் கண்ணால் பார்ப்பது. அடுத்து, இன்றைய வயதோடு உள்ளே போய்த் தலையிடுவது. கடைசியில் மறுபடியும் குழந்தையாகி, தனக்கு இன்னும் வேண்டியதை வந்தவரிடம் கேட்பது. நடந்தது மாறாது. அதோடு ஒட்டிக்கிடக்கும் ‘நான் மக்கு’ என்ற தீர்ப்புதான் தளரும். அது தளரத் தளர, மேலாளர் சொல்வது வெறும் அலுவலகப் பேச்சாகக் கேட்கத் தொடங்கும்.

வீட்டில் ஆள் அரவம் இல்லாத ஒரு பத்து நிமிடம் போதும். பாதம் தரையில் பதிய உட்காருங்கள். இன்றைய சேலையோடு, தோளில் ஆபீஸ் பையோடு அந்த வகுப்பறைக்குள் போங்கள். “பிள்ளையை இப்படி நிறுத்தாதீங்க” என்று டீச்சரிடம் சொல்லுங்கள். கை கொடுத்து அவளைக் கீழே இறக்குங்கள். அவளுக்கு அறிவுரை வேண்டாம். ‘தைரியமா இரு’ என்றுகூடச் சொல்லாதீர்கள். அதையெல்லாம் அவள் நிறையக் கேட்டுவிட்டாள். என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர் கேட்கலாம். பாவாடைக்கு ஒரு ஊக்கு கேட்கலாம். கொடுங்கள்.

முதல் நாள் அவள்மேல் பாசம் வராமல் போகலாம். கூச்சமும் எரிச்சலுமே வரலாம். தன்னையே கடிந்துகொண்டு வளர்ந்தவர்களுக்குக் கனிவு பயமாகக்கூட இருக்கும் என்று பிரிட்டனின் உளவியலாளர் பால் கில்பர்ட் எழுதியிருக்கிறார். கட்டாயப்படுத்த வேண்டாம். பக்கத்தில் நின்றுவிட்டு வந்தாலே அன்றைக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை. இதைவிடக் கொடுமையான நினைவுகள் கிளம்பினாலோ, தூக்கம் கெட்டாலோ, தனியாகத் தொடராதீர்கள். மனநல ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-இல் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

மகளிடம் இன்றே, “நோட்டை எறிஞ்சது என் தப்பும்மா” என்று சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை கணக்கு தப்பாக வரும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் அன்று யாரும் வந்து நிற்கவில்லை. இவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.